தொற்றும் தீட்டும்: எச்.ஐ.வி. விளக்க எழுத்தும் ஊவாத் தோட்டப்புற வாசகரும்

கடந்த நான்கு தசாப்தங்களில் தமிழில் உருவாகிய எழுத்து வகைகளுள் எமது விமரிசகர்கள் ஏறெடுத்தும் பாராதது ஒன்றுண்டு. எயிட்ஸ் பற்றிய விளக்க எழுத்தே அது. துண்டுப்பிரசுரம், சுவரொட்டி, வானொலி உரைச்சித்திரம், வீதி நாடகம், பாடசாலைக் கட்டுரை எனப் பல வடிவங்களில் அது வழங்கி வருகின்றது. 1986இல் சென்னையில் சுனிதி சொலமனும் அவரது மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதலாவது தொற்றுக்களைக் கண்டறிந்தனர். 1987இல் இலங்கையர் ஒருவரிடத்தே முதன்முதலாகத் தொற்று அறியப்பட்டது. அன்று தொட்டுப் பாக்குநீரிணையின் இரு கரைகளிலும் அச்சிடப்பட்ட இவ்வெழுத்தின் அளவு, அதே காலத்தில் வெளிவந்த கவிதைத் தொகுதிகளின் அளவுக்குக் குறைந்ததன்று. இது இலக்கியமன்று எனக் கூறி ஒதுக்கிவிடலாம். ஆயின் ஒரு சிறுகதையைப் பிழையாக விளங்கிக்கொள்ளும் வாசகனால் எவருக்கும் தீங்கு நேர்வதில்லை. இவ்வெழுத்தைப் பிழையாக விளங்கிக்கொள்பவன் தன் அயலவனைக் குடிநீர்ப் பீலியிலிருந்து விரட்டக்கூடும்.

அவ்வாறு விரட்டப்படுதல் வெறும் கற்பனையன்று. 2016இல் குளியாப்பிட்டியவில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவனுக்குப் பாடசாலைக் கதவு மூடப்பட்டது. அவனுடைய தந்தை எயிட்ஸினால் இறந்தார் என்ற வதந்தியே காரணம். சிறுவனுக்குத் தொற்று இல்லை என்பது மருத்துவப் பரிசோதனையால் உறுதிப்படுத்தப்பட்டிருந்தும், ஏனைய பெற்றோர் தம் பிள்ளைகளை வகுப்பிலிருந்து அழைத்துக்கொண்டு போயினர். ஈற்றில் கண்டியிலுள்ள திரித்துவக் கல்லூரி அவனை ஏற்றுக்கொண்டது. இச்சம்பவத்தில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது, அப்பெற்றோர் எழுத்தறிவற்றவர் அல்லர் என்பதே. கூடியிருந்து உண்பதாலோ விளையாடுவதாலோ எச்.ஐ.வி. தொற்றாது என்ற வாசகத்தை அவர்கள் எங்கேனும் ஒரு சுவரில் நிச்சயம் வாசித்திருப்பர். வாசித்ததை நம்பவில்லை. அறியாமை என்ற ஒற்றைச் சொல்லால் இதனை விளக்கிவிட முடியாது.

நம்பாமைக்குரிய காரணத்தை அவ்வெழுத்தின் அமைப்பிலேயே தேடுவது பொருந்தும். பெரும்பாலான பிரசுரங்கள் இரண்டு பட்டியல்களாலானவை: பரவும் வழிகள், பரவாத வழிகள். இரண்டாவது பட்டியலில் கைகுலுக்கல், கட்டித்தழுவல், ஒரே தட்டில் உண்ணல், ஒரே மலசலகூடத்தைப் பயன்படுத்தல், நீச்சற் குளம், தொலைபேசி, நுளம்பு என்பன இடம்பெறும். ஏன் பரவாது என்பதற்கு ஒரு வரியும் இராது. மனனஞ் செய்வதற்குரிய பட்டியல் அது. மனனஞ் செய்தவனுக்குப் பட்டியலில் இல்லாத ஒன்று எதிர்ப்படும்போது கைகொடுக்க எதுவுமில்லை.

பசறையிலோ ஹப்புத்தளையிலோ நமுனுகுலைச் சாரலிலோ கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தியின் கையில் இப்பட்டியலைக் கொடுத்துப் பார்ப்போம். நீச்சற் குளம் அவளுக்கு எதற்கு? அவளுடைய நாள் வேறு பொருள்களாலானது. லயத்து வரிசை முழுவதற்கும் பொதுவான பீலி. ஒருவர் மடித்து மற்றவருக்கு நீட்டும் வெற்றிலை. பத்துப் பன்னிரண்டு குழந்தைகள் ஒன்றாய் உறங்கும் பிள்ளைக்காம்பரா. கவ்வாத்துக் கத்தியில் வெட்டுண்ட விரல். எல்லாவற்றுக்கும் மேலாக, மழைக்காலத்து மலையில் கணுக்காலேறி இரத்தம் குடிக்கும் அட்டை. ஒருத்தியின் காலிலிருந்து விழுந்த அட்டை இன்னொருத்தியின் காலில் ஏறினால் என்னாகும் என்பது அறிவுபூர்வமான வினா. நுளம்பைப் பற்றி மட்டும் பேசும் பிரசுரம் இவ்வினாவை எதிர்பார்க்கவில்லை. அதை எழுதியவர் அட்டை கடிக்கும் இடத்தில் வாழவில்லை என்பதே இதன் பொருள்.

விடை கடினமானதுமன்று. எச்.ஐ.வி. மனித உடலிலுள்ள குறித்த சில வெண்குருதிக் கலங்களுக்குள் மட்டுமே பெருகவல்லது. உடலுக்கு வெளியே அதனாற் பெருக இயலாது, உலர்ந்த குருதியில் அதன் தொற்றும் வலு விரைந்து குன்றும். நுளம்பு எமது உடலுக்குள் செலுத்துவது தன் உமிழ்நீரை. முன்னர் குடித்த குருதியையன்று. அது உறிஞ்சிய வைரசு அதன் குடலில் செரித்தழிகின்றது. மலேரியாக் கிருமிக்கு நுளம்பு வீடு, எச்.ஐ.வி.க்குச் சுடுகாடு. அட்டையும் குருதி உறையாதிருப்பதற்கான உமிழ்நீரையே காயத்தில் விடுகின்றது. வயிறு நிறையக் குடித்தபின் தானாய் விழுந்து, வாரக்கணக்காக உணவின்றிக் கிடக்கும் பிராணி அது. அட்டைக்கடியால் எச்.ஐ.வி. தொற்றியதாக உலகில் எங்கும் நிறுவப்படவில்லை. குருதி, விந்து, யோனித் திரவம், குதத் திரவம், தாய்ப்பால் என்னும் ஐந்தில் ஒன்று, தொற்றுக்குப் போதிய அளவில், மற்றவர் உடலின் உட்சவ்வையோ குருதியோட்டத்தையோ சென்றடைதல் வேண்டும். இந்த ஒரு வாக்கியத்தை விளங்கிக்கொண்டவளுக்குப் பட்டியல் தேவையில்லை. பீலியையும் வெற்றிலையையும் கவ்வாத்துக் கத்தியையும் அவளே சோதித்து முடிவுகட்டுவாள். வைத்தியசாலையில் தொற்றுள்ளவரின் குருதி தோய்ந்த ஊசி தற்செயலாகக் குத்தினாற்கூட, ஆயிரத்தில் ஏறத்தாழ மூன்று தடவையே எச்.ஐ.வி. தொற்றுகின்றது, ஈரல் அழற்சி பீ வகையோ அதே குத்தலில் நூற்றுக்கு முப்பது வரை தொற்ற வல்லது. இத்தகைய ஒப்பீடொன்று அச்சத்தை அதற்குரிய அளவில் நிறுத்தும். மக்களுக்கு எண்கள் விளங்கா என்பது படித்தோர் வளர்த்துக்கொண்ட மூடநம்பிக்கை. நிறைக்கும் கிலோக் கணக்கிலும் கழிவிலும் நாள்தோறும் சண்டையிட்டுக் கூலி பெறுபவருக்கு வீதாசாரம் விளங்காதாம்!

சொல் வழக்கையும் இவ்விடத்தே நோக்குதல் வேண்டும். தமிழில் பரவும் நோய்க்கு 'ஒட்டுவாரொட்டி' என்பது பழைய பெயர். ஒட்டி வாழ்வாரை ஒட்டிக்கொள்வது என்ற கருத்து அம்மைக்கும் சொறிசிரங்குக்கும் நன்கு பொருந்தும். 'தொற்று' என்பதும் பற்றி ஏறிக்கொள்ளுதலையே உணர்த்துகின்றது. இவ்விரு சொற்களும் அண்மையையே காரணமாகக் காட்டுவன; எச்.ஐ.வி.யோ அண்மையால் வருவதன்று. இதனோடு எச்சில், தீட்டு என்ற சாதியச் சமூகத்தின் கருத்துக்கள் கலந்துகொள்கின்றன. எமது சமூகத்தில் தனிக் குவளை என்பது வைரசுக்கு மிக மிக முந்தியது. உமிழ்நீரால் எச்.ஐ.வி. பரவாது என விஞ்ஞானம் எத்தனை முறை கூறினும், குவளையைப் பிரித்து வைக்கும் கை தயங்காதிருப்பதற்குக் காரணம், அந்தக் கைக்கு அச்செயல் ஏலவே பழக்கமானது என்பதே. 'நச்சுயிரி' என்ற மொழிபெயர்ப்பும் தன் பங்குக்கு ஊறு செய்கின்றது. நஞ்சு ஒரு துளி விழுந்தாலும் குடம் முழுவதும் கெடும் என்ற படிமத்தை அது எழுப்பிவிடுகின்றது. வைரசு என்றே எழுதுவது நன்று என்பது எமது கருத்து.

மலையகத் தமிழருக்கு இதில் இன்னொரு வரலாறும் உண்டு. நோய் காவிகள் எனக் கருதப்பட்டு மண்டபம் முகாமில் தடுத்துவைக்கப்பட்ட பின்னரே இவர்களுடைய முன்னோர் இந்நாட்டினுள் விடப்பட்டனர். 1912இல் இயற்றப்பட்ட கட்டளைச் சட்டமொன்றின் பெயரே நோயையும் தொழிலாளரையும் ஒருசேர வைத்துப் பேசிற்று. 1916இல் கொழுக்கிப்புழு ஒழிப்பியக்கம் தோட்டங்களுக்குள் வந்தபோதும், மலசலகூடமற்ற லயத்தைக் கட்டியவரன்றி அதில் வாழ்ந்தவரே சுகாதாரமற்றவர் எனப்பட்டார். ஆதலால் வெளியிலிருந்து வரும் சுகாதாரப் பிரசாரத்தை இம்மக்கள் ஐயத்தோடு நோக்குவதில் வியப்பில்லை. அடுத்து நோய்காவியாக யார் காட்டப்படுவர் என்பதே அவர்களது வினா. மத்திய கிழக்கில் வீட்டுப் பணி புரிந்து மீளும் பெண் காட்டப்பட்டாள். வெளிநாடு செல்வோர் கட்டாயப் பரிசோதனைக்கு உட்படுத்தப்படுவதால் அவர்களிடையே தொற்று அதிகமாய் வெளிப்படுகின்றது. பரிசோதிக்கப்படாதோரிடம் அது வெளிப்படுவதில்லை. தேடிய இடத்திற் கிடைத்ததை, அங்கே மட்டுமே உள்ளது என மயங்கிய பிழை இது. சென்னையிலும் முதலாவது இரத்த மாதிரிகள் பாலியற் தொழிலில் ஈடுபட்ட பெண்களிடமிருந்தே பெறப்பட்டன. கண்டறிந்தோரின் நோக்கம் மருத்துவ நோக்கமே. ஆயினும் பொதுமக்கள் அதிலிருந்து கற்றுக்கொண்டது வைரசைப் பற்றியன்று, 'அப்படிப்பட்ட பெண்களை'ப் பற்றியே.

ஒழுக்கச் சொற்களின் பயன்பாடு இப்பிழையை மேலும் வளர்த்தது. 'ஒருவனுக்கு ஒருத்தி' என்ற தொடர் விளக்க எழுத்தில் எத்தனை ஆயிரம் முறை அச்சேறியிருக்கும்! சென்னையில் சிகிச்சை நாடிய தொற்றுள்ள பெண்களை ஆராய்ந்து 2000இல் வெளியான ஆய்வொன்று, அவர்களுட் பெரும்பாலானோர் கணவனைத் தவிர வேறெவரோடும் உறவு கொண்டிராத இல்லத்தரசிகள் எனக் காட்டியது. அவர்கள் அத்தொடரை எழுத்துப் பிசகாமற் கடைப்பிடித்தவர்கள். 2000களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் புள்ளிராஜா என்ற கற்பனைப் பாத்திரத்தை முன்வைத்து, அவனுக்கு எயிட்ஸ் வருமா எனச் சுவரெங்கும் கேட்ட விளம்பர இயக்கத்தை இவ்விடத்தே நினைவுகூரலாம். கூச்சத்தை உடைத்து வீதியிற் பேசவைத்ததில் அதன் வெற்றியை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அது எழுப்பிய வினா 'எத்தகைய ஆளுக்கு வரும்?' என்பதாகவே பலராற் கேட்கப்பட்டது. 'எந்தச் செயலால் வரும், எந்தப் பாதுகாப்பால் வராது?' என்ற வினா பின்னே தள்ளப்பட்டது. ஆணுறை ஒருவனின் நற்குணத்தை விசாரிப்பதில்லை. அதனாற்றான் அது பயன்படுகின்றது.

'உயிர்கொல்லி' என்ற அடைமொழியையும் கைவிடும் காலம் வந்து நெடுநாளாயிற்று. இன்று இலங்கையில் வைரசை அடக்கும் மருந்து அரச சேவையில் இலவசமாக வழங்கப்படுகின்றது; பதுளை வைத்தியசாலையிலும் பாலியல் தொற்று நோய்ச் சிகிச்சை நிலையம் இயங்குகின்றது. ஒழுங்காக மருந்துண்டு குருதியில் வைரசின் அளவு கண்டறிய முடியாதபடி குறைந்தவரிடமிருந்து உடலுறவால் தொற்று ஏற்படுவதில்லை. 2019இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், ஒருவர் மட்டும் தொற்றுள்ளவரான 782 ஆண் இணையர் ஆணுறையின்றி ஏறத்தாழ 76,000 தடவை உறவு கொண்டிருந்தும், சிகிச்சையிலிருந்த துணைவரிடமிருந்து ஒரு தொற்றேனும் கடந்ததாகக் காணப்படவில்லை. தொற்றும் வழிகள் பற்றிய அறிவில் அண்மைக்காலத்தில் நேர்ந்த மாபெரும் மாற்றம் இதுவே. தமிழ்ப் பிரசுரங்களில் இது இன்னும் அருந்தலாகவே இடம்பெறுகின்றது. அச்சத்தை முதலீடாக வைத்துக் கட்டிய எழுத்துக்கு நற்செய்தியை எங்கே வைப்பதென்று தெரியவில்லை போலும்.

2006–07ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார அளவீடு எயிட்ஸ் பற்றிக் கேள்விப்பட்ட பெண்களின் வீதம் நகரிலும் கிராமத்திலும் பார்க்கத் தோட்டத்துறையிற் குறைவெனக் காட்டியது. இதனைத் தோட்டப் பெண்ணின் குறையாக எழுதுவது எளிது. பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலாளர் பிரிவுகள் 1999இலேயே இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக வர்த்தமானியிற் பிரகடனப்படுத்தப்பட்டன. ஆயினும் தமிழ் பேசும் குடும்பநல உத்தியோகத்தர் பற்றாக்குறை தீரவில்லை. அந்தரங்க உறுப்பையும் உறவையும் பற்றிய பேச்சை மொழிபெயர்ப்பாளர் மூலம், அதுவும் அதே லயத்தைச் சேர்ந்த ஒருவர் மூலம், நடத்தும்படி ஒரு பெண்ணை எவ்வாறு கேட்பது? சுவரொன்று இடையிட, இருமல் ஒலியும் அடுத்த காம்பராவிற் கேட்கும் வாழ்விடம் அது. நகரத்தவனுக்கு வதந்தி ஒரு துன்பம். அவன் வீடு மாறிப் போகலாம். வேலையும் குடியிருப்பும் ஒரே தோட்டத்தோடு பிணைந்திருப்பவருக்கு மாறிப்போக இடமில்லை.

தாயிலிருந்து பிள்ளைக்குப் பரவுதல் பற்றியும் ஒரு குறிப்பு. சிகிச்சையின்றேல் நூற்றுக்கு 15 முதல் 45 வரையான பிள்ளைகளைச் சென்றடையக்கூடிய தொற்று, உரிய சிகிச்சையால் ஐந்துக்குங் கீழே குறைகின்றது. இவ்வழியிலான பரவலை ஒழித்த நாடாக உலக சுகாதார நிறுவனம் 2019இல் இலங்கையை உறுதிப்படுத்தியது. கர்ப்பிணித் தாய்மார் யாவரையும் பரிசோதிக்கும் ஏற்பாட்டின் பயன் இது; பெருமைக்குரியதே. ஆனால் 'தாயிலிருந்து பிள்ளைக்கு' என்ற தொடரில் தந்தை எங்கே? கணவனிடமிருந்து பெற்றதைத் தாய் கடத்துகின்றாள் என எழுதினால் வாக்கியம் நீளுமென அஞ்சினர் போலும். தொற்றுள்ள தாய் பாலூட்டுவதா பால்மா கொடுப்பதா என்பதை வைத்தியரோடு கலந்து தீர்மானிக்கின்றாள். வைத்தியசாலையில் அது ஒரு மருத்துவத் தீர்மானம். மலையிலிருந்து தேத்தண்ணி நேரத்தில் இறங்கிவந்து தாய்மார் வரிசையாக அமர்ந்து பாலூட்டும் பிள்ளைக்காம்பராவிலோ, போத்தலோடு அமரும் ஒருத்தியை மற்றவர்கள் ஏனென்று கேட்பர். அவள் அங்கே என்ன சொல்லலாம் என்பதற்குரிய இரண்டு வரியை எந்தப் பிரசுரமும் அவளுக்கு இதுவரை எழுதிக் கொடுத்ததாக நாம் காணவில்லை.