பழைய லேத்: பீனியாவிலும் கொழும்பிலும்

பெங்களூரு பீனியாவில் பழைய லேத் வாங்கப் போகிற டர்னர் முதலில் பார்ப்பது பெட்டை. சக்கை ஒட்டிய ஓரடி நீளத்தில்தான் சாடில் ஆயுள் முழுக்க ஓடியிருக்கும், தேய்மானமும் அங்கேதான். சாடிலை அங்கே நிறுத்தி, அதைப் பூட்டும் போல்ட்டை லேசாக இறுக்குவார், நகர்த்தினால் சற்றே பிடிப்பு தெரிகிற அளவுக்கு. அப்படியே டெயில்ஸ்டாக் பக்கம் கைச்சக்கரத்தைச் சுற்றுவார். போகப் போக இறுகி நின்றுவிட்டால் பெட் தேய்ந்துவிட்டது. பெயின்ட் எவ்வளவு புதிதாக இருந்தாலும் இதை மறைக்க முடியாது. பிறகு மெஷினை ஓட்டி, ஒவ்வொரு வேகத்திலும் கியர் சத்தம் கேட்பார். ஒரு சாண் தண்டைச் சக்கில் மட்டும் பிடித்து, மெல்லிசாகக் கடைந்து, இரு முனைகளையும் மைக்ரோமீட்டரில் அளப்பார். அளவு மாறினால் ஹெட்ஸ்டாக் நேராக இல்லை என்று சந்தேகப்படலாம்.

இப்படிப் பெட்டிலேயே கவனம் வைக்க ஊர் இடம் தருகிறது. 1953-இல் இங்கே தொடங்கிய எச்.எம்.டி., ஸ்விட்சர்லாந்தின் ஓர்லிகானோடு சேர்ந்து முதலில் செய்ததே லேத்தைத்தான். ஹரிஹரின் மைசூர் கிர்லோஸ்கர் ஆலை மூடப்பட்டும் அதன் லேத்துகள் ஓடுகின்றன. உதிரிபாகம் குறைந்தால் செய்துதர ஆள் கிடைக்கும்.

இலங்கையில் நிலைமை வேறு. கொழும்பில் கைமாறும் பழைய மெஷின்களில் பல, ஜப்பானிலிருந்தும் பிரிட்டனிலிருந்தும் கப்பலில் வந்தவை. ஜப்பான் மெஷின் என்றால் மோட்டார் தகட்டைத்தான் முதலில் படிக்க வேண்டும். அங்கே மும்முனை மின்சாரம் 200 வோல்ட், இலங்கையில் 400. டிரான்ஸ்ஃபார்மர் செலவைச் சேர்த்தே பேரம் பேச வேண்டியிருக்கும். ஒசாக்கா பக்கம் 60 ஹெர்ட்ஸ் என்பதால், அங்கே ஓடிய மெஷின் இலங்கையின் 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து ஓடும்.

பழைய பிரித்தானிய லேத்தில் லீட்ஸ்க்ரூ அங்குலக் கணக்கு. மில்லிமீட்டர் மரை துல்லியமாக வெட்ட 127 பல் கியர் வேண்டும். தனியாகக் கழற்றி வைக்கும் சாமான். மெஷின் கைமாறும்போது அது தொலைவது எளிது. கொழும்பில் வாங்குபவர் இதை முதலில் கேட்பது நியாயமே: இல்லையென்றால் கிடைப்பது கடினம். சாமான்களைச் சரிபார்க்கும் இந்தக் கவனம் பீனியாவில் குறைந்து வருகிறது என்பது என் எண்ணம். அக்கம்பக்கத்தில் கிடைக்கும் என்ற தைரியம்தான் காரணம்.

கொழும்பு யார்டில் கரன்ட் இல்லாமல் நிற்கும் மெஷினைக் கடைந்து பார்க்க வழியில்லை. ஆனால் சாடிலை இறுக்கிப் பார்ப்பதற்குக் கரன்ட் எதற்கு? ஒரு ஸ்பேனர் போதும். முன்பணம் கொடுப்பதற்கு முன் அதைச் செய்துவிடுங்கள்.