ஒரு சாண் தண்ணீர்

முக்குளிப்பவருக்குத் தொட்டிக் காற்றை மூச்சாகக் கொடுக்கும் ஸ்கூபா ரெகுலேட்டரைப் பற்றிக் கேட்டால் பலரும் இரண்டே வார்த்தைகளில் முடித்துவிடுவார்கள்: "லேசா இருக்கு" அல்லது "டைட்டா இருக்கு". கடையில் நின்று, காற்றில் இழுத்துப் பார்த்துச் சொல்லும் தீர்ப்பு அது. தண்ணீருக்குள் இறங்கினால் அதே கருவி ஒரே நிமிடத்தில் நான்கு விதமாக மூச்சு கொடுக்கும். நிமிர்ந்து நின்றால் இழுக்க வேண்டியிருக்கும். குப்புற மிதந்தால் காற்று தானே வருவதுபோல இருக்கும். மல்லாந்தால் மறுபடி இறுகும், தலைகீழானால் வாய்க்குள் தள்ளும். கருவிக்குள் ஒரு திருகுகூட அசைந்திருக்காது. அதற்கும் நம் நுரையீரலுக்கும் இடையே உள்ள உயரம் மட்டும் மாறியிருக்கும். இந்த உயரத்தோடு 80 ஆண்டுகளாக மல்லுக்கட்டி வந்தவர்களின் வேலைப்பாட்டை மிக நுட்பமான கைவினைகளில் ஒன்றாகவே நான் வைக்கிறேன்.

வாயில் கவ்வும் பகுதிக்குள் உள்ளங்கையைவிடச் சிறிய வட்டமான ரப்பர் சவ்வு ஒன்று இருக்கிறது. அதுதான் டயஃப்ரம். அதன் ஒரு முகத்தில் கடல், மறுமுகத்தில் காற்று. நாம் உறிஞ்சும்போது சவ்வு உட்குழிந்து ஒரு நெம்புகோலை அழுத்துகிறது, வால்வு திறக்கிறது. ஆகவே டயஃப்ரம் எந்த ஆழத்தில் இருக்கிறதோ அந்த ஆழத்தின் அழுத்தத்தில்தான் காற்று வந்து சேரும். மார்பையோ அது இருக்கும் ஆழத்தின் தண்ணீர் நெருக்குகிறது. கட்டடம் கட்டும் இடத்தில் கொத்தனார் டியூபில் தண்ணீர் நிரப்பி இரண்டு சுவர்களுக்கு மட்டம் பார்ப்பாரே, அதே கணக்குதான் இதுவும். இரு முனைகளும் ஒரே மட்டத்தில் இருந்தால் சிக்கல் இல்லை. ஒன்று மேலேறினால், ஏறிய ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஏறக்குறைய ஒரு மில்லிபார் விலை கொடுக்க வேண்டும்.

நுரையீரலின் அழுத்த மையம் கழுத்துக்குழிக்குச் சுமார் 14 சென்டிமீட்டர் கீழே, 7 சென்டிமீட்டர் பின்னே இருப்பதாக உடலியலாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். நிமிர்ந்து நிற்கும்போது வாய் அந்த மையத்துக்கு ஒரு சாண் மேலே, அதாவது ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒரு நல்ல ரெகுலேட்டரின் வால்வைத் திறக்கத் தேவையான உறிஞ்சலோ 2.5 முதல் 4 சென்டிமீட்டர் தண்ணீர்தான். டெக்னீஷியன்கள் அளவுமானியை வைத்துக்கொண்டு அரை சென்டிமீட்டரைக் குறைக்கப் பாடுபடுவார்கள். உடல் நிமிர்ந்தாலே அதைப்போலப் பல மடங்கு சுமை மார்பில் ஏறிவிடுகிறது. இதில் இன்னொரு விசேஷமும் உண்டு. ஆழம் கூடக் கூடக் காற்று அடர்த்தியாகி மூச்சு கனப்பது வேறு கதை. 30 மீட்டரில் காற்றின் அடர்த்தி மேற்பரப்பில் இருப்பதைப்போல நான்கு மடங்கு. இந்த ஒரு சாண் கணக்கு மட்டும் 5 மீட்டரிலும் 50 மீட்டரிலும் மாறவே மாறாது.

இந்தக் கணக்கை வரலாற்றில் முதலில் உடம்பால் உணர்ந்தவர்களில் ஒருவர் பிரெஞ்சு முக்குளிப்பாளர் ழாக் கூஸ்தோ. பாரிஸைச் சேர்ந்த பொறியாளர் எமில் காஞான், போர்க்காலப் பெட்ரோல் பஞ்சத்தில் கார் எஞ்சின்களை எரிவாயுவில் ஓட்டுவதற்காக ஒரு வால்வு செய்திருந்தார். அதையே மூச்சுக்கு ஏற்றபடி மாற்றி, 1943 ஜனவரியில் பாரிஸுக்கு வெளியே மார்ன் ஆற்றில் கூஸ்தோ அணிந்து இறங்கினார். கிடையாக நீந்தியபோது அருமையாக வேலை செய்தது. நிமிர்ந்து நின்றால் காற்று வீணாகக் கொப்பளித்து ஓடியது. தலைகீழானால் மூச்சு விடுவதே பெரும்பாடாயிற்று. காரணம் என்னவென்றால், வெளிமூச்சு போகும் வாய், காற்று வரும் வாயைவிட ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தது. நிற்கும்போது அந்த உயரமே காற்றை உறிஞ்சி வெளியேற்றியது, கவிழ்ந்தால் அதே உயரம் தடையாயிற்று. வெளிமூச்சு வால்வைக் கொண்டுவந்து டயஃப்ரத்துக்குப் பக்கத்திலேயே வைத்தார்கள். கோளாறு தீர்ந்தது.

அந்தக் காலத்து அக்வாலங் (கூஸ்தோ-காஞான் கருவியின் பெயர்) படங்களில் கழுத்தின் இருபுறமும் இரண்டு மடிப்புக் குழாய்கள் வளைந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். வாயிலிருந்து காற்றை அப்படியே வெளியே விட்டிருக்கலாமே, இரண்டாவது குழாய் எதற்கு? விட்ட மூச்சை முதுகுக்குக் கொண்டுபோய், டயஃப்ரம் இருக்கும் அதே ஆழத்தில் வெளியேற்றத்தான். முகத்துக்கு முன்னால் குமிழிகள் இல்லாமல் போனது, படம் பிடிப்பவர்களுக்குக் கிடைத்த கூடுதல் லாபம். ஒரு குழாயைக் கூட்டிச் சமநிலையை வாங்கிய அந்த முடிவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

ஆனாலும் அந்தச் சமநிலை கருவிக்குள்தான். கருவிக்கும் மார்புக்கும் நடுவே உள்ள உயரம் அப்படியே நின்றது. இரட்டைக் குழாய் ரெகுலேட்டர் தோள்பட்டைகளுக்கு நடுவே உட்கார்கிறது. குப்புற நீந்தும்போது அது நுரையீரலுக்கு மேலே போய்விடுவதால், ஒவ்வொரு மூச்சையும் கொஞ்சம் இழுத்துத்தான் வாங்க வேண்டும். மல்லாந்து திரும்பினால் கதை தலைகீழ்: கருவி கீழே, மார்பு மேலே, காற்று பொங்கிக்கொண்டு வரும். பழைய முக்குளிப்பாளர்கள் இதையே ஒரு வித்தையாக ஆக்கினார்கள். வாயிலிருந்து நழுவிய முனையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தால் காற்று தானே பீறிட்டு உள்ளே புகுந்த தண்ணீரை வெளியே தள்ளும். இன்றைய ரெகுலேட்டர்களில் இருக்கும் பொத்தான் இல்லாமலே, வெறும் உயரத்தை வைத்து அவர்கள் அந்த வேலையை முடித்தார்கள்.

1952-ல் மெல்போர்னில் டெட் எல்ட்ரெட் தன் 'போர்பாய்ஸ்' கருவியில் டயஃப்ரத்தை முதுகிலிருந்து எடுத்து வாய்க்கு முன்னால் வைத்தார். ஒற்றைக் குழாய் ரெகுலேட்டர் சந்தைக்கு வந்தது. மூச்சைப் பொறுத்தவரை இதைவிடப் பெரிய மாற்றம் நடக்கவில்லை என்பது என் கருத்து. இப்போது குப்புற நீந்தினால் டயஃப்ரம் மார்பின் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ வந்துவிடுகிறது. முக்குளிப்பவர் அதிக நேரம் இருக்கும் நிலை அதுதானே. கருவி எந்த நிலைக்காகப் பிறந்ததோ அந்த நிலையில் மூச்சு இலகுவானது.

பதிலுக்கு வேறொரு சிக்கல் வந்து சேர்ந்தது. டயஃப்ரம் முன்பக்கம், வாய் பின்பக்கம், வெளிமூச்சு வால்வு அடிப்பக்கம். மூன்றும் சில சென்டிமீட்டர் இடைவெளியில் மூன்று மூலைகளில் இருக்கின்றன. வாய்முனை மேலே பார்க்கும்படி ரெகுலேட்டரைத் தண்ணீரில் அமிழ்த்தினால் காற்று கொட்டும், கவிழ்த்தால் நிற்கும். கருவி கெட்டுவிட்டது என்று புதியவர்கள் பதறுவது இதைப் பார்த்துத்தான். வெளிமூச்சு வால்வு டயஃப்ரத்தைவிட உயரே வரும் நிலைகளிலும் இதே வேலைதான் நடக்கிறது. அந்த உயரத்தைவிட லேசாக வால்வை முறுக்கினால், யாரும் உறிஞ்சாமலே காற்று கசியும். அதனால் ஒரு ரெகுலேட்டரை எவ்வளவு லேசாக்கலாம் என்ற எல்லையை ஸ்பிரிங்கைவிடப் பெட்டியின் வடிவம்தான் முடிவு செய்கிறது. ஆற்றோட்டத்தை எதிர்த்து முகம் காட்டும்போது தண்ணீர் டயஃப்ரத்தை அழுத்திக் காற்று கசிவதும் இதற்கு உறவுதான்.

இந்த வடிவத்தோடு போராடிய கருவிகளில் என் மதிப்புக்குரியது, ஸ்கூபாபுரோ நிறுவனம் கொண்டுவந்த டி400. வெளிமூச்சு வால்வை டயஃப்ரத்தின் நடுமையத்திலேயே பொருத்திவிட்டார்கள். இரண்டும் ஒரே அச்சில் இருப்பதால் உடல் எப்படித் திரும்பினாலும் அவற்றுக்கிடையே உயர வித்தியாசம் பெரிதாக எழாது. மார்ன் ஆற்றில் கிடைத்த பாடத்தை வாய்க்கு முன்னாலேயே நிறைவேற்றிய கருவி அது. சுவீடனின் பொசைடன் வேறு வழியில் போனது. டயஃப்ரத்தைப் பக்கவாட்டில் திருப்பியதால், குப்புறவோ மல்லாக்கவோ இருந்தாலும் அது வாயின் மட்டத்தை ஒட்டியே நிற்கும். ஒருக்களித்தால்தான் அதன் குணம் மாறும். விட்ட மூச்சையே மறுபடி பயன்படுத்தும் ரீபிரீதர் கருவிகளின் மூச்சுப் பையை முதுகில் வைப்பதா மார்பில் வைப்பதா என்ற விவாதத்துக்கும் வேர் இங்கேதான்.

ஐரோப்பாவின் இஎன் 250 தரவிதி, 50 மீட்டர் ஆழ அழுத்தத்தில் நிமிடத்துக்கு 62.5 லிட்டர் வீதம் மூச்சு ஓடும்போது, ஒரு லிட்டருக்கு 3 ஜூலுக்கு மேல் வேலை வாங்கக்கூடாது என்கிறது. உறிஞ்சும் அழுத்தத்துக்கு உச்ச வரம்பு 25 மில்லிபார். மிக அவசியமான விதி. ஆனால் சோதிக்கும் இயந்திரத்துக்கு வாய் உண்டு, மார்பு கிடையாது. நிமிர்ந்து நிற்கும் மனிதனுக்கு அந்த ஒரு சாண் மட்டுமே ஏறக்குறைய அதே 25 மில்லிபாரைக் கொண்டுவந்துவிடுகிறது. விளம்பரங்களில் வரும் மூச்சு வரைபடங்களைப் பார்த்து மட்டும் நான் எந்த ரெகுலேட்டரையும் மெச்சாததற்குக் காரணம் இதுதான்.

புதுச்சேரியிலோ அந்தமானிலோ ஸ்கூபா கற்கப் போகிறீர்கள் என்றால், நீச்சல்குளப் பயிற்சியின்போது பயிற்றுநரிடம் கேட்டு ஐந்து நிமிடம் இதற்காக ஒதுக்குங்கள். அவர் அருகில் இருக்க, மூச்சை அடக்காமல், நிமிர்ந்தும் குப்புறவும் மல்லாந்தும் தலைகீழாகவும் சில மூச்சுகள் எடுத்துப் பாருங்கள். தலைகீழ் நிலையில் வெளிமூச்சு வால்வு மேலே போய்விடுவதால் பெட்டிக்குள் தங்கும் சிறிது தண்ணீர் நாக்கில் படலாம், அப்போது மெதுவாக இழுங்கள். மூச்சு போதவில்லை என்று கடலில் தோன்றினால், மூச்சை லேசாக்க ரெகுலேட்டரின் குமிழைத் திருகுவதற்கு முன் உடம்பைக் குப்புறக் கிடையாக்கிக்கொள்ளுங்கள்.