மதுவா, மருந்தின் அளவா?

கோவில்பட்டிக் கரிசலில் பூச்சிக்கொல்லிக்கு மருந்து என்றுதான் பேர். பருத்திக்கு அடிப்பதும் மருந்து. 'மருந்தக் குடிச்சிட்டான்' என்று ஆளைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும்போதும் மருந்து. ஆஸ்பத்திரியில் அடுத்த கேள்வி, 'தண்ணி போட்டிருந்தாரா?' ஆமாம் என்று பதில் வந்தால் கூட வந்தவர்களின் நம்பிக்கை பாதி வற்றிவிடுகிறது. அந்த அவநம்பிக்கைக்கு ஆதாரம் உண்டா? உண்டென்றால், கெடுதல் செய்வது மதுவா, உள்ளே போன விஷத்தின் அளவா? இதை எடுத்துக்கொண்ட இரண்டு ஆய்வுகள் இலங்கையிலிருந்து வந்தவை.

முதலாவது, மைக்கேல் எடில்ஸ்டனும் சகாக்களும் 2009இல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் கிளினிக்கல் ஃபார்மகாலஜியில் வெளியிட்டது. டைமெத்தோயேட் என்ற பூச்சிக்கொல்லியைக் குடித்த 72 பேரில் 35 பேரின் இரத்தத்தில், ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போதே மது இருந்தது. இறப்பு அவர்களிடையே மிக அதிகம். விஷத்தின் செறிவும் அவர்கள் இரத்தத்திலேயே அதிகம். அந்தச் செறிவைக் கணக்கில் சேர்த்ததும் மதுவின் தனிப்பங்கு தேய்ந்துவிடுகிறது. மது அருந்தியவர் விஷத்தையும் கூடுதலாகக் குடித்திருக்கிறார், கொன்றது அந்தக் கூடுதல் என்பதே ஆய்வின் முடிவு.

இதன் பலம் அளவீட்டில் இருக்கிறது. எவ்வளவு உள்ளே போனது என்று கேட்டால் ஒரு மூடி என்பார் அண்ணன், பாதி பாட்டில் என்பாள் மனைவி. ஆய்வாளர்கள் இந்த வாய்மொழியில் நிற்காமல் இரத்தத்தை அளந்தார்கள். இந்தத் துறையில் அது சிறிய சாதனை அல்ல. ஆனால் 72 பேரை வைத்து மதுவின் சிறிய தனிவிளைவு ஒன்றை இல்லையென்று மறுத்துவிட முடியாது. மேலும், டைமெத்தோயேட் புட்டியில் இருப்பது டைமெத்தோயேட் மட்டுமல்ல. அதில் சேர்க்கும் கரைப்பானுக்கும் நச்சில் பங்குண்டு என்று எடில்ஸ்டன் குழுவே 2012இல் பன்றிகளில் காட்டியது. 2009இன் கணக்கில் கரைப்பானுக்கு இடமில்லை.

இரண்டாவது, பேராதனையிலிருந்து 2018இல் பிளாஸ் ஒன் இதழில் வந்தது. ஆராய்ந்த மருந்து புரோஃபெனோஃபாஸ். பருத்திக்காட்டில் புழங்குவது, ஆகவே நமக்கு இன்னும் நெருக்கம். மதுவும் சேர்ந்தவர்களுக்குச் சுவாசக்குழாய் செருகும் தேவை கூடியது. வயிற்றிலிருந்தது மூச்சுக்குழலில் இறங்கி வரும் நிமோனியா கூடியது. படுக்கை நாட்களும் நீண்டன. இரத்தத்தின் உயிர்வேதி அளவீடுகளோ அந்த அளவுக்கு மோசமாக இல்லை. அளவுதான் எல்லாம் என்ற விளக்கம் இங்கே போதவில்லை.

இரண்டும் முரண்படுவதாக நான் கொள்ளவில்லை. முதலாவது கேட்டது யார் இறக்கிறார் என்று; இரண்டாவது, மூச்சு எந்த வழியில் கெடுகிறது என்று. அளவு பற்றிய முதல் முடிவு ஏற்கத்தக்கது. மதுவுக்குக் கெடுதலே இல்லை என்று அதை நீட்டிப் படிப்பது பிழை.

சேர்க்கும்போது எடுத்த ஒரே ஒரு மது அளவு இன்னொன்றையும் சொல்லாது: இவர் அன்றைக்கு மட்டும் குடித்தவரா, தினமும் குடிப்பவரா? வார்டில் இதன் விலை இரண்டாம், மூன்றாம் நாளில் தெரியும். விஷமுறிவு மருந்தான அட்ரோபின் ஓடிக்கொண்டிருக்கிறது. நோயாளி பிதற்றுகிறார், போர்வையைப் பிய்க்கிறார், நாடி ஓடுகிறது. அட்ரோபின் மிகுந்துவிட்டதா, மது நின்றதால் வரும் ஜன்னியா? தொட்டுப் பார்க்க வேண்டும். தோல் காய்ந்து, வயிற்றில் குடல் ஓசை அடங்கியிருந்தால் அட்ரோபின். வியர்த்து, கை நடுங்கினால் குடி நின்ற வேதனை. மாற்றிப் புரிந்துகொண்டு அட்ரோபினை நிறுத்தினால், வறண்டிருந்த நுரையீரலில் மறுபடி நீர் கோக்கலாம். தினக்குடியரையும் ஒருநாள் குடித்தவரையும் பிரித்துப் பார்க்காத எந்த ஆய்வையும் முழுமையானதென்று ஒப்ப எனக்கு மனமில்லை.

கடைசியாக ஒரு விடுபடல். இந்த ஆய்வுகளின் கடிகாரம் நோயாளி வார்டுக்குள் வந்தபின்தான் ஓடத் தொடங்குகிறது. கோவில்பட்டியிலிருந்து பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு ஏறக்குறைய 55 கிலோமீட்டர். போதையில் இருமல்கூட எழாத ஒருவரை மல்லாக்கக் கிடத்தியபடி கொண்டுபோனால், பேராதனை கண்ட நிமோனியா அந்த வண்டியிலேயே தொடங்கிவிடலாம். ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் ஊறுவதை உறிஞ்சி எடுத்துக்கொண்டே போக வேண்டிய அந்த ஒரு மணி நேரத்தை இரண்டு ஆய்வுகளும் அளக்கவில்லை.