வடபுலத்துப் பனியும் நெல்லைத் தமிழும்

ருஷ்ய நூல்களின் தமிழ் மரபைப் பற்றி எழுதித் தரும்படி எங்கள் கடையநல்லூர் வாசகர் வட்டத்தின் விழா மலர்க் குழுவினர் கேட்டார்கள். “அதிலும் பனிப்பகுதி மட்டும் போதும், மிச்சத்தை எழுத ஆள் இருக்கு” என்று தலைவர் அண்ணாச்சி எல்லை கட்டிவிட்டார். நல்லதுதான். பீட்டர்ஸ்பர்க் சீமாட்டிகளை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். உரால் மலைக்குக் கிழக்கே கிடக்கும் சைபீரியா, வடமேற்கே கரேலியாவின் காடும் சதுப்பும், கைதிகளும் போர்வீரர்களும் நடந்து தேய்ந்த அந்தப் பனிப்பாதைகள்: இவற்றைத் தமிழுக்குக் கொண்டுவந்த வழிகள் எவை, அவற்றின் தரம் என்ன என்பதுதான் என் பங்கு. நம் வட்டத்தாருக்கு டால்ஸ்டாய் யார், செகாவ் யார் என்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

முதலில் ஒரு மண்பெருமை. பிழையாகக் கொள்ளமாட்டீர்கள் என்று நம்புகிறேன். இந்த மரபின் மூலவேர்களில் பாதி நம் சீமையில்தான் இருக்கிறது. ஜார் வீழ்ந்ததைப் பாடிய பாரதி, அதற்கு அடுத்த ஆண்டு புதுவையை விட்டு வந்து தங்கியது கடையத்தில். டால்ஸ்டாயின் ‘போரும் வாழ்வும்’ நாவலைத் தமிழில் தந்த டி.எஸ். சொக்கலிங்கம் நமக்கு அடுத்த தென்காசிக்காரர். 1934இல் ‘தினமணி’ தொடங்கியபோது அதன் முதல் ஆசிரியர். அவருக்குக் கீழே அங்கே வேலை பார்த்த புதுமைப்பித்தன், குப்ரினின் ‘யாமா’வைப் ‘பலிபீடம்’ ஆக்கியவர். கார்க்கியின் ‘தாய்’ தந்த தொ.மு.சி. ரகுநாதன் திருநெல்வேலி. கார்க்கியையும் டால்ஸ்டாயையும் மொழிபெயர்த்த வல்லிக்கண்ணன் ராஜவல்லிபுரம். பனியைக் கண்ணால் கண்டிராத பழைய நெல்லை ஜில்லா, குற்றாலச் சாரலுக்கே மப்ளர் தேடும் ஜில்லா, இத்தனை பேரை எப்படிக் கொடுத்தது என்பதற்கு என்னிடம் விடை கிடையாது. பெருமை மட்டும் இருக்கிறது.

இவர்களில் சொக்கலிங்கத்தையும் புதுமைப்பித்தனையும் பத்திரிகைக்காரர் வழி என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். ஆங்கிலத்திலிருந்து எடுப்பது, வேகமாக எடுப்பது, வாசகன் தடுக்காமல் ஓடும்படி எடுப்பது. 1812 குளிர்காலத்தில் நெப்போலியன் படை சிதறித் திரும்பிய பக்கங்களைச் சொக்கலிங்கம் வழியே படித்தவர்களுக்கு, அந்த நடை தலையங்க நடைதான் என்பது தெரியும். வாக்கியம் நின்று நிதானிக்காது. அதனால் சில இடங்களில் பனி கொஞ்சம் குறைவாகப் பெய்யும், போர் கொஞ்சம் அதிகமாக நடக்கும். புதுமைப்பித்தனோ தழுவலை எதிர்த்து, மொழிபெயர்ப்புத்தான் வேண்டும் என்று சண்டையே போட்டவர். அந்நிய ஊர் அந்நிய ஊராகவே வரவேண்டும் என்ற கட்சி. (அவரே தொடக்கத்தில் தழுவல்கள் செய்தார் என்பது வேறு வழக்கு. அதை இங்கே எடுத்தால் மலர் தாங்காது.)

பொதுவுடைமை இயக்க வழி இன்னொன்று. ரகுநாதனின் ‘தாய்’, எஸ்.ஆர்.கே.யின் ‘வீரம் விளைந்தது’. இவற்றைப் படித்துவிட்டுப் போராட்டத்துக்குப் போனவர்கள் உண்டு. போராட்டத்துக்குப் போய்விட்டு வந்து படித்தவர்களும் உண்டு. ‘வீரம் விளைந்தது’ நாவலில் கொட்டும் பனியில், கிழிந்த காலணியோடு, விறகு கொண்டுவர ரயில்பாதை போடும் இளைஞர்களின் பகுதி ஒன்று வரும். அந்தக் குளிரை உணர்ந்த அளவு எந்தப் பாடப்புத்தகத்திலும் உணர்ந்ததில்லை என்று நம் மூத்த உறுப்பினர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

என் வழி மூன்றாவது, மாஸ்கோவிலேயே தமிழில் அச்சாகி வந்த நூல்களின் வழி; சுருக்கமாக, மாஸ்கோ வழி. என் வழி என்று சொல்வதைவிட எங்கள் வாத்தியார் மாமாவின் வழி என்பதே சரி. வகுப்பில் சார், தெருவில் மாமா. தறிக்காரக் குடும்பத்தில் பிறந்து, பூகோளம் சொல்லிக்கொடுக்க வந்தவர். அந்த நூல்களை இங்கே விற்ற என்.சி.பி.எச். நிறுவனத்தின் புத்தகக் கண்காட்சி பக்கத்து ஊருக்கு வந்தால் சம்பளத்தில் ஒரு பங்கு அங்கேதான் போகும். அவருடைய மர அலமாரியில் பூ. சோமசுந்தரம் ஒரு தட்டு, ரா. கிருஷ்ணையா ஒரு தட்டு, நா. தர்மராஜனும் மற்றவர்களும் ஒரு தட்டு. ஆசிரியர் பெயரால் அடுக்கமாட்டார், மொழிபெயர்ப்பாளர் பெயரால்தான் அடுக்குவார். “டால்ஸ்டாய் ருஷ்யன்கிட்ட ருஷ்யன்ல பேசினான். நம்மகிட்டப் பேசினது கிருஷ்ணையா” என்பார்.

1931இல் அயல்நாட்டுத் தொழிலாளர்களுக்கான பதிப்பகமாகத் தொடங்கி, பிறகு அயல்மொழிப் பதிப்பகமாகி, 1963இல் முன்னேற்றப் பதிப்பகம் என்று பெயர் பெற்ற மாஸ்கோ நிறுவனத்தின் நூல்களை நம்மில் யாருக்கு அறிமுகப்படுத்த வேண்டும்? இலக்கியம் 1982இல் ராதுகாவுக்குப் பிரிந்து போனதும், 1991க்குப் பிறகு புத்தகப் பெட்டிகள் வருவது நின்றதும் நமக்கெல்லாம் வீட்டுத் துக்கம் போன்றவை. கெட்டி அட்டை, நூல் போட்டுத் தைத்த கட்டு, வெயிலிலும் மஞ்சள் பூக்காத தாள். கடைசிப் பக்கத்தில், மொழிபெயர்ப்பைப் பற்றியும் அமைப்பைப் பற்றியும் கருத்து எழுதச் சொல்லி ஒரு வேண்டுகோள் இருக்கும். கீழே 17, சூபோவ்ஸ்கி புல்வார், மாஸ்கோ என்ற முகவரி. வாத்தியார் மாமா அந்த வேண்டுகோளை மரியாதைக்காகப் போட்டது என்று எண்ணவில்லை. எழுதினார். எந்தப் பக்கத்தில் எந்த வரி தமிழாக இல்லை என்று பட்டியல் போட்டு எழுதினார். வான் அஞ்சலுக்கு ஒட்டிய தபால்தலைக்கு மாமியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதையும் சொல்லியிருக்கிறார்.

அவர் பாடம் நடத்திய விதத்துக்கு ஓர் உதாரணம் போதும். ஒரு கதையில் கிழவன் அடுப்பின் மேல் படுத்திருக்கிறான் என்று வருகிறது. நாங்கள் தலையாட்டிக்கொண்டு கேட்டிருந்தோம். சட்டென்று நிறுத்தினார். “ஏலே, அடுப்பு மேல ஒருத்தன் படுத்துக் கெடக்கான்கேன். வெந்துற மாட்டானான்னு ஒருத்தனாவது கேக்கியளா?” பிறகு சாக்பீஸ் எடுத்துச் சிமெண்டுத் தரையில் வரைந்தார். வீட்டின் நடுவே செங்கல்லில் கட்டிய பெரிய அடுப்பு. கீழே வாய், உள்ளே ரொட்டியும் கஞ்சியும். புகை சுற்றிச் சுற்றிப் போய்ச் செங்கல்லைச் சூடேற்றும். நெருப்பு அணைந்த பிறகும் நெடுநேரம் அந்தச் சூடு நிற்கும். மேல்தளம் மட்டமாக இருக்கும், வீட்டில் முதியவருக்கும் குழந்தைக்கும் அதுதான் படுக்கை. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பது பாகை. இது தெரிந்த பிறகு, அந்தக் கிழவனை அடுப்பிலிருந்து இறங்கச் சொல்லும் மருமகள் எவ்வளவு பெரிய கொடுமைக்காரி என்பது விளங்கியது. கதை அதுவரை கதையாகவே இல்லை.

பூ. சோமசுந்தரத்தின் ‘உண்மை மனிதனின் கதை’யை அவர் வாசிக்கக் கேட்டவர்கள் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். பொரீஸ் பொலேவோய் எழுதியது. 1942இல் விமானம் விழுந்து, நசுங்கிய கால்களோடு பதினெட்டு நாள் பனிக்காட்டில் ஊர்ந்து வந்த விமானியின் கதை. கால் இரண்டையும் எடுத்த பிறகும் அவன் மறுபடி விமானம் ஓட்டினான். உண்மையில் மரேஸ்யெவ், நாவலில் ஓரெழுத்து மாறி மெரேஸ்யெவ். ஊர்வதை மட்டும் எழுதிப் பக்கம் பக்கமாக வாசகனைப் பிடித்துவைப்பது சாதாரண காரியமா? சோமசுந்தரத்தின் தமிழ் அங்கே மூச்சு வாங்கும். வாக்கியங்கள் குறுகும், கொஞ்ச தூரம் போய் நிற்கும், மறுபடி ஊரும். ‘அதிகாலையின் அமைதியில்’ நாவலிலோ கரேலியாவின் சதுப்பு. மே மாதத்திலும் எலும்பைத் துளைக்கும் தண்ணீர், ஐந்து வீராங்கனைகள், ஒரு சார்ஜண்ட் மேஜர். வட ருஷ்யாவின் நில அமைப்பை அந்தச் சிறு நூலில் கற்ற அளவு நான் வரைபடத்தில் கற்கவில்லை.

சைபீரியாவுக்கு நம்மை நடத்திக் கூட்டிப்போனவர் கிருஷ்ணையா. ‘புத்துயிர்ப்பு’ நாவலின் மூன்றாம் பாகம் முழுவதும் கைதிகளின் பயணம்தான். சங்கிலி, இரவு தங்கும் கொட்டடி, அரசியல் கைதிகள் ஒருபுறம், கிரிமினல் கைதிகள் ஒருபுறம், கூடவே போகும் மனைவிமார், குழந்தைகள். டால்ஸ்டாய் 1899இல் இதை வெளியிட்டு, வந்த பணத்தை மதத்துக்காக வதைபட்ட துகபோர் மக்கள் கனடாவுக்குக் குடிபெயரக் கொடுத்தார். ஜார் காலத்துச் சைபீரியா எப்படி இருந்தது என்று அறிய இதைவிட நல்ல வாசல் தமிழில் இல்லை என்பது என் கட்சி.

ஆனால் மாஸ்கோ வழிக்கும் ஒரு குறை உண்டு. பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஜார் அனுப்பிய கைதிகளைப் பற்றி மனமுருகப் படித்தோம். அதே சைபீரியாவுக்கு அதற்குப் பின்னால் அனுப்பப்பட்டவர்களைப் பற்றி அந்த மலிவு விலைப் பெட்டிகளில் ஒன்றும் வரவில்லை. சோல்ஷெனித்ஸின் 1962இல் வெளியிட்ட முகாம் வாழ்க்கையும், ஷலாமவின் கொலிமாக் கதைகளும் நம்மை அடைந்தது வேறு கைகள் வழியாக, வெகு தாமதமாக. வாத்தியார் மாமாவிடம் ஒருமுறை இதைக் கேட்டபோது, “பாதி வரைபடத்தை வச்சுப் பாடம் எடுத்திருக்கேன்” என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. செகாவ் 1890இல் ரயில் இல்லாத காலத்தில் படகிலும் குதிரைவண்டியிலும் சைபீரியாவைக் கடந்து, சகலின் தீவில் மூன்று மாதம் தங்கிக் கைதிகளைத் தம் கையாலேயே கணக்கெடுத்து எழுதிய நூலும் அவர் அலமாரியில் ஆங்கிலத்தில்தான் இருந்தது.

இனி இன்றைய நிலை. எம்.ஏ. சுசீலா அம்மையார் ‘குற்றமும் தண்டனையும்’, ‘அசடன்’ இரண்டையும் முழுமையாகத் தந்திருக்கும் உழைப்பைக் குறைத்துச் சொல்ல யாருக்கும் வாய் வராது. முதல் நாவலின் நாயகன் ரஸ்கோல்னிகவின் கதை சைபீரியாவில், இர்திஷ் நதிக்கரைச் சிறையில் முடிவது தெரிந்ததுதானே. தாஸ்தயேவ்ஸ்கியே ஓம்ஸ்க் சிறையில் நான்காண்டு கிடந்தவர். நான் குறை சொல்ல வருவது சுசீலா அம்மையாரைப் போன்றோரை அல்ல. பொதுவாகச் சொல்கிறேன். யாரையும் மனதில் வைத்தும் சொல்லவில்லை, சொன்னாலும் அவர்கள் நம் வட்டத்துக்கு வருவதில்லை.

என் மனக்குறை பெயர்களைப் பற்றியது. ருஷ்யனுக்குப் பெயர் மூன்று அடுக்கு: தன் பெயர், தகப்பன் பெயர், குடும்பப் பெயர். இது போக வீட்டில் அழைக்கும் பெயர். அண்மையில் கைக்கு வந்த சில பதிப்புகளில் தகப்பன் பெயரைக் காணோம். ‘வாசகர் குழம்பாமலிருக்க’ எடுத்துவிட்டார்களாம். கடையநல்லூர் வாசகனா குழம்புவான்? ரேஷன் அட்டையில் ஒரு பெயர், வாப்பா கூப்பிட ஒரு பெயர், தெருவில் பட்டப்பெயர், சிங்கப்பூர்க் கடவுச்சீட்டில் நாலாவதாக ஒன்று என்று வாழ்கிற ஊர் இது. ‘புத்துயிர்ப்பு’ நாயகியைக் கத்யூஷா என்று அழைப்பதற்கு டால்ஸ்டாய் காரணமே சொல்லியிருக்கிறார். வேலைக்காரியாக மட்டும் இருந்தால் காத்கா என்று அதட்டியிருப்பார்கள், வீட்டுப் பெண்ணாக இருந்தால் காத்தென்கா என்று கொஞ்சியிருப்பார்கள். இரண்டும் இல்லாத நடுவாந்தரம் அவள், ஆகையால் கத்யூஷா. அவளுடைய முழு வாழ்க்கையும் அந்த விளிப்பில் இருக்கிறது. அதைக் ‘காதரின்’ என்று திருத்தி வெள்ளைக்காரியாக்கிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டால் பிறகு சைபீரியாவுக்கு யார் போவது?

தகப்பன் பெயரைத் தொலைத்தவர்கள் அடிக்குறிப்பையும் தொலைத்தார்கள். வெர்ஸ்ட் என்றால் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல், பூத் என்றால் பதினாறு கிலோவுக்குச் சற்று மேல் என்று பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது என்ன பாவம் செய்தது? பாத்திரங்களின் பெயர்ப் பட்டியல் போயிற்று. முன்னுரை போயிற்று. சில மறுபதிப்புகளில் மொழிபெயர்ப்பாளர் பெயரே போயிற்று. அட்டையில் டால்ஸ்டாய் தாடியோடு பெரிதாக இருக்கிறார், உள்ளே தமிழ் தானாக முளைத்ததுபோல் நிற்கிறது. வாழ்நாளெல்லாம் ஒருவர் உட்கார்ந்து எழுதியதை, தட்டச்சு செய்யக் கொடுத்து, மெய்ப்புப் பார்க்காமல், ‘பனிப்புயல்’ ‘பணிப்புயல்’ ஆனதுகூடத் தெரியாமல் அச்சடித்துப் புத்தகச் சந்தையில் குவிக்கிறார்கள். பணிப்புயல்! கணப்படுப்பு எங்கே, கம்பளிக் காலணி எங்கே, எல்லாம் ‘ஷூ’, எல்லாம் ‘ஹீட்டர்’. நூற்றைம்பது வருஷத்துக்கு முந்திய கிராமத்தில் ஹீட்டர்! இந்தப் போக்கில் போனால் நாளைக்கு ஸ்லெட்ஜ் வண்டிக்கு ஆட்டோ என்று போடுவார்கள். நாமும் மீட்டருக்கு மேல் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு ஏறி உட்காருவோம். தமிழன் வாசிப்பை இழந்ததற்கும், நூலகத்தில் கூட்டம் குறைந்ததற்கும், இளைஞர் கையில் புத்தகம் இல்லாததற்கும், ஏன், நம் வட்டக் கூட்டத்துக்கு ஆள் வராததற்கும்கூட மூலகாரணம் இந்த அலட்சியம்தான் என்று நான் சொன்னால் செயலாளர் சிரிப்பார். சிரிக்கட்டும். கூட்டத்துக்கு ஆள் வராததற்குக் காரணம் தேநீர் நின்றுபோனது என்பது அவருடைய கட்சி.

மலர்க் குழுவுக்கு இரண்டு விண்ணப்பத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். வாத்தியார் மாமாவின் புத்தகங்கள் நம் வட்டத்துக்கு வந்த பிறகு பதிவேட்டில் ஆசிரியர் பெயர் மட்டும் ஏறியிருக்கிறது. மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு கட்டம் புதிதாகப் போட்டு, பழைய நூல்கள் எல்லாவற்றுக்கும் நிரப்ப வேண்டும். நானே உட்கார்ந்து எழுதித் தருகிறேன். இரண்டாவது, ‘புத்துயிர்ப்பு’ பழைய மாஸ்கோ பதிப்பை எடுத்துப்போன உறுப்பினர் யாராக இருந்தாலும், விழா முடிவதற்குள் செயலாளர் மேஜையில் வைத்துவிட்டுப் போகலாம். யார் என்று கேட்கமாட்டோம். ஒரு பக்கமும் கிழியாமல் இருந்தால் சரி.