நான்கெழுத்து விதி: ஒரு மதிப்பீடு

உடலில் தோன்றிய கரும்புள்ளி வெறும் மச்சமா, மெலனோமா என்னும் கொடிய தோல் புற்றா என்று ஐயுறும்போது உலகெங்கும் கையாளப்படுவது 'ஏ, பி, சி, டி' விதி. 1985-இல் நியூயார்க் பல்கலைக்கழகத் தோல் மருத்துவர்கள் வகுத்தது. இவ்வெழுத்துகள் முறையே சமச்சீரின்மை, ஒழுங்கற்ற ஓரம், பல நிறங்கள், 6 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட விட்டம் ஆகியவற்றைக் குறிக்கும். கருவி வேண்டாம், எவரும் நினைவில் வைக்கலாம். இவ்விதியின் சிறப்பு இதுவே.

ஆனால், ஓர் அளவுகோல் எதைத் தவறவிடுகிறது என்றும் பார்க்க வேண்டும். முடிச்சு வகை மெலனோமா பல வேளைகளில் சீரான ஓரமும் ஒரே நிறமும் கொண்ட சிறு புடைப்பாகத் தோன்றி விரைந்து வளரும். நான்கெழுத்துத் தேர்வில் அது தப்பிவிடக்கூடும்! இதனாலேயே 2004-இல் 'மாற்றம்' என்பதைக் குறிக்கும் 'இ' சேர்க்கப்பட்டது. என் கருத்தில், கடைசியில் வந்த இவ்வெழுத்தே முதலில் நிற்கத் தக்கது. மற்றவை ஒரு நாளின் தோற்றத்தைச் சொல்பவை. இது காலத்தோடு நிகழும் மாறுதலைச் சொல்கிறது.

மற்றொரு குறை: எங்கே பார்ப்பது என்று விதி கூறவில்லை. வெண்தோலினர் மிகுந்த நாட்டில் பிறந்த விதி இது. நம்மைப் போன்ற கருந்தோலினரிடம் மெலனோமா அரிது; வந்தால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களிலேயே மிகுதி. ஜமைக்கா பாடகர் பாப் மார்லிக்குக் கால்விரலில் தோன்றியதைப் பந்தாட்டக் காயம் என்றே முதலில் எண்ணினர். 1977-இல் மெலனோமா எனத் தெரிந்தது. 1981-இல், 36-ஆம் வயதில் அவர் இறந்தார். நகத்தடியில் ஓடும் கருங்கோட்டில் விட்டத்தையும் சமச்சீரையும் எங்ஙனம் தேடுவது?

இங்கே கைகொடுப்பது டெர்மோஸ்கோப். ஏறத்தாழ 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் இக்கருவியின் ஒரு வகையில், செங்குத்தாக அமைந்த இரு தளவிளைவுத் தகடுகள் தோலின் மேற்பரப்புப் பளபளப்பைத் தடுக்கின்றன. உள்ளிருக்கும் நிறமி புலனாகிறது. உள்ளங்கால் ரேகைகளின் பள்ளங்களில் நிறமி படிந்திருந்தால் பெரும்பாலும் தீங்கற்ற மச்சம்; மேடுகளில் படிந்திருந்தால் மெலனோமா என ஐயுற வேண்டும். ஜப்பானிய மருத்துவர்கள் விளக்கிய இவ்வேறுபாட்டை வெறுங்கண்ணால் தெளிவாகக் காண்பது கடினம்.

விதியைக் கைவிட வேண்டியதில்லை. அது எச்சரிக்கை மணி. தீர்ப்பு வழங்குவது திசு ஆய்வு. மாறிவரும் புள்ளி 6 மில்லிமீட்டரை எட்டட்டும் என்று காத்திராமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். அதற்குமுன், உள்ளங்காலையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.