ஒற்றை நாற்றும் மழைக்காடும்

நார்மன் அப்ஹாஃப் பயிர் விஞ்ஞானி அல்லர். கார்னெல் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் பேராசிரியராக இருந்தவர். நெல்லுக்கு அவர் வந்ததே காட்டின் வழியாகத்தான். 1990களில் மடகாஸ்கரின் ரனோமஃபானா தேசியப் பூங்காவைச் சுற்றி, மலைச்சரிவுக் காட்டை வெட்டி எரித்து நெல் விதைக்கும் 'தாவி' பழக்கத்தைக் குறைக்க வழி தேடியவர்களில் அவரும் ஒருவர். பள்ளத்து வயலில் மகசூல் கூடினால் மலையேற வேண்டியிருக்காது என்பது கணக்கு. ஹென்றி தெ லோலானியே என்ற பிரெஞ்சு யேசு சபைப் பாதிரியார் 1980களில் அந்நாட்டில் கண்டறிந்த நடவு முறை கைக்குக் கிடைத்தது. அதை உலகெங்கும் கொண்டுசென்றவர் அப்ஹாஃப். நம் ஊரில் அது திருந்திய நெல் சாகுபடி. பேச்சில் ஒற்றை நாற்று நடவு.

முறையில் பெரிய மர்மம் எதுவும் இல்லை. பதினைந்து நாளைத் தாண்டாத நாற்று. அதைப் பிடுங்கி எறியாமல் மண்ணோடு எடுத்து, குத்துக்கு ஒன்றாக, 25 செ.மீ. சதுரத்தில், மேலாக வைக்க வேண்டும். ஆழமாக அழுத்தினால் வேர்நுனி தூண்டில் முள்போல் மேலே வளைந்து, தூர் கட்டுவதற்குரிய நாட்கள் வீணாகும். ஏக்கருக்கு முப்பது கிலோ வாங்கிய விதை மூன்று கிலோவாகிறது. தண்ணீரைத் தேக்காமல், காயவிட்டுப் பாய்ச்சுவதால் வேர் கருக்காது, மீத்தேனும் குறைகிறது. இந்த அளவில் அப்ஹாஃப் எழுதியவை தேறுகின்றன. அவரோடு மல்லுக்கட்டியவர்கள்கூட இளநாற்றையோ காய்ச்சலும் பாய்ச்சலுமான பாசனத்தையோ அபத்தம் என்று தள்ளிவிடவில்லை.

தகராறு மகசூலில்தான். ரனோமஃபானா பகுதியில் ஹெக்டேருக்கு 2 டன் எடுத்தவர்கள் 8 டன் எடுத்தார்கள் என்று அவர் திரும்பத் திரும்ப எழுதினார். 2004இல் 'ஃபீல்டு கிராப்ஸ் ரிசர்ச்' இதழில் ஷீஹியும் உடன் ஆய்வாளர்களும் சீனாவில் மூன்று இடங்களில் சோதித்து, இம்முறைக்கென்று தனி ஆதாயம் ஏதும் தென்படவில்லை என்றார்கள். 2006இல் மெக்டொனால்ட், ஹாப்ஸ், ரிஹா மூவரும் வெளிவந்த சோதனைத் தரவுகளைத் திரட்டி, பரிந்துரைக்கப்பட்ட சிறந்த சாகுபடி முறையோடு ஒப்பிட்டார்கள். மடகாஸ்கர் தரவுகளை விலக்கிவிட்டால் மீதி 35 ஒப்பீடுகளில் 24இல் புதிய முறை பின்தங்கியது. சராசரி இறக்கம் 11 விழுக்காடு.

அப்ஹாஃபும் கூட்டாளிகளும் 2008இல் மறுப்பு எழுதினார்கள். அந்தச் சோதனைகள் பலவற்றில் முறை முழுதாகக் கடைப்பிடிக்கப்படவில்லை என்பது அவர்கள் வாதம். நியாயம்தான், ஆனால் பாதி நியாயம். இது தொழில்நுட்பமல்ல, கோட்பாடுகளின் தொகுப்பு, உழவர் இடத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்பவரும் அவரே. விளைந்தால் முறையின் வெற்றி, விளையாவிட்டால் அது முறையே அல்ல என்றாகிவிடும். தோற்கவே வழியில்லாத ஒரு கருத்தைச் சோதனையால் நிறுவ முடியாது. அவர் எழுத்தின் பெரிய ஓட்டை இதுவே.

தமிழ்நாட்டுத் தரவு இரு தரப்புக்கும் நடுவில் நிற்கிறது. தாமிரபரணிப் பாசனத்தில் நூறு விவசாயிகளின் வயல்களில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் 2003-04இல் பக்கத்துப் பக்கத்தில் ஒப்பிட்டது. புதிய முறையில் ஹெக்டேருக்குச் சராசரி 7.2 டன், வழக்கமான முறையில் 5.7 டன். நான்கு மடங்கு எங்கே, கால் பங்கு கூடுதல் எங்கே! அந்தக் கால் பங்கும் விவசாயியின் வாடிக்கையான பயிரோடு ஒப்பிட்டதுதான். சிறந்த முறையோடு அல்ல. ஆனாலும் ஒரு விவசாயிக்கு வேண்டிய ஒப்பீடு தன் வயலோடுதானே? இந்த இடத்தில் நான் அப்ஹாஃப் பக்கம்.

காடு பற்றிய வாதம்தான் ஆகப் பலவீனமானது. விசித்திரமாக, அதற்குக் கிடைத்த விமர்சனமும் குறைவு. மடகாஸ்கரில் மோசரும் பாரெட்டும் செய்து 2003இல் வெளியிட்ட ஆய்வில், முறையை எடுத்துக்கொண்டவர்களில் சுமார் நாற்பது விழுக்காட்டினர் பின்னர் கைவிட்டிருந்தார்கள். காரணம் சோம்பல் அல்ல. நடவும் களையெடுப்பும் அதிக ஆள் கேட்கும் அதே வாரங்களில்தான் ஏழைகள் அன்றாடச் சாப்பாட்டுக்குக் கூலிக்குப் போக வேண்டும். பாசன வயல் இல்லாதவருக்கோ இந்த முறையே கிடையாது. மலைச்சரிவு ஒன்றே அவருக்குக் கதி. காட்டை எரிக்கும் கை வேறு, இந்த முறையால் லாபம் காணும் கை வேறு என்றால், வயலில் கூடும் நெல் காட்டை எப்படிக் காக்கும்? மகசூலுக்குச் செலவிட்ட பக்கங்களில் கொஞ்சத்தையாவது அப்ஹாஃப் இந்தக் கேள்விக்கு ஒதுக்கியிருக்கலாம்.

என் தீர்ப்பு இது: விதையையும் நீரையும் மிச்சப்படுத்தும் முறை என்ற அளவில் அப்ஹாஃப் எழுதியவை நிற்கும். மகசூல் அதிசயம் நிற்காது. காடு காக்கும் உபாயம் என்பது நிறுவப்படாத நம்பிக்கை. நீர் மிச்சத்திலும் ஒரு கேள்வி தொங்குகிறது: அது யாருக்கு? வாய்க்கால் நீரை அளந்து காசு கேட்பவர் இல்லை. பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம். வயல் விட்டு வயல் தண்ணீர் பாயும் டெல்டாவில் ஒருவர் தன் வயலை மட்டும் காயவிடுவதும் கடினம். களையெடுக்கும் கோனோவீடர் கருவியைத் தள்ளும் கூலி மட்டும் முழுக்க அந்த விவசாயியின் கணக்கில் விழுகிறது.