முதலாளி வாயால் வரவேண்டிய உரிமை

கோட்டக்குப்பத்தில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி புதுச்சேரி ஜவுளிக்கடை ஒன்றில் வேலை பார்க்கிறாள். முதல் இரண்டு பிரசவத்துக்குச் சம்பளத்தோடு 26 வாரம் விடுப்பு உண்டு என்றேன். "அதெல்லாம் கவர்மென்ட் வேலைல இருக்கறவங்களுக்குத்தானே அக்கா?" என்றாள். 10 பேர் வேலை செய்கிற கடைக்கும் உண்டு.

1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம், அதன் சுருக்கத்தை வட்டார மொழியில் எழுதிப் பெண்கள் வேலை செய்யும் இடத்தில் வைக்கச் சொன்னது. 2017 திருத்தம் இன்னும் ஒரு படி போனது: வேலைக்குச் சேரும்போதே ஒவ்வொரு பெண்ணுக்கும் எழுத்து மூலமும் மின்னணு வழியிலும் தெரிவிக்க வேண்டும் என்றது. சுவரிலிருந்து கைக்கு வந்தது நல்ல மாற்றம்தான். ஆனால் எந்த மொழியில் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. வாங்கியதற்குக் கையெழுத்தும் கேட்கவில்லை.

பெரிய ஓட்டை வேறு. ஈ.எஸ்.ஐ. இல்லாத இடத்தில் பணம் தரவேண்டியவர் முதலாளி. சொல்லவேண்டியவரும் அவரே. சொன்னால் செலவு, சொல்லாவிட்டால் மிச்சம். அப்புறம் யார் சொல்வார்?

தமிழில் ஒரு சீட்டு, அவள் கையெழுத்து, ஆய்வாளருக்கு ஒரு நகல். இவ்வளவையாவது சட்டம் கேட்டிருக்கலாம்.